இரண்டு மஃபினுக்கு மாவு

ஹெப்பர்லி, யார்க்ஷயர்
6 அக்டோபர் 1962

அன்புத் தம்பி கிளிஃபர்டுக்கு, அக்கா ஹில்டா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை வந்தால் என் முழங்கால் வலிக்கிறது, மழை நின்றாலும் வலி நிற்பதில்லை. உன் மார்ச்சளி எப்படி இருக்கிறது? கல்வர் பாறையில் இந்நேரம் காற்று ஆரம்பித்திருக்கும். கழுத்தை மூடிக்கொள்.

பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவிர எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. சின்ன விஷயம்தான். கலங்கரை விளக்கத்தில் சமையலுக்கு உன் முறை வரும்போது இரும்புக் கல்லில் மஃபின் சுடுவதாகப் போன வருடம் எழுதியிருந்தாய். எப்படி என்று எனக்கு எழுதேன். மூலைக்கடையை ஃபீல்டிங் விற்றுவிட்டார். புதிதாக வந்தவர்கள் மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டி மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைத் தேநீரோடு மஃபின் இல்லாவிட்டால் நார்மனுக்கு ஆகாது, உனக்குத் தெரியும்.

நானாகவே ஒரு தடவை முயன்றேன். அடி கரிந்து நடுவில் பச்சை மாவு. பக்கத்து வீட்டு எடித் பாராக்ளஃப் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன ஹில்டா, கூரைக்கு ஓடு சுடுறியா?" என்றாள். நம் அம்மாவிடம் கேட்டிருக்கலாம் என்றால், அவளுக்கு ஆலையிலிருந்து வந்து முட்டை அவிக்கவே நேரம் இருந்ததில்லை.

நார்மன் நன்றாக இருக்கிறார். வேலை அதிகம். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

பிரியமுடன்,
ஹில்டா

*

கல்வர் பாறை
29 அக்டோபர் 1962

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

நீ பாறைக்கு எழுதிவிட்டாய், நான் கரையில் இருந்தேன். வியாழக்கிழமை திரும்பி வந்த பிறகுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். சளி இல்லை. பல் ஒன்று ஆடுகிறது, தானாக விழட்டும் என்று விட்டிருக்கிறேன். விடுமுறை நன்றாகக் கழிந்தது. பென்சான்ஸில் டிரெம்பத் அம்மாள் விடுதியில் பேச்சுத்துணைக்கு எப்போதும் யாராவது இருப்பார்கள்.

இனி மஃபின். ஒரு பவுண்டு ரொட்டி மாவு, அரை அவுன்ஸ் ஈஸ்ட், ஒரு சின்னக் கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, நெல்லிக்காய் அளவு வெண்ணெய், அரை பைண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால். பால் விரல் பொறுக்கிற சூட்டில் இருக்கட்டும். பிசையும்போது கையில் ஒட்டும். ஒட்டட்டும். பயந்துபோய் மேலும் மாவு போட்டால் கெட்டது. பத்து நிமிடம் நன்றாகப் பிசை. யார் மேலாவது கோபம் இருந்தால் அதற்கும் இதுதான் நேரம். இரண்டு மடங்காகும் வரை மூடி வை. பிறகு அரை அங்குலத்துக்குத் தட்டி, டம்ளர் வாயால் வெட்டி, இரண்டு பக்கமும் ரவை தூவி, இன்னும் அரைமணி நேரம் உப்ப விடு.

இரும்புக் கல்லை மெல்லிய தீயில் காயவை. எண்ணெய் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். நீ தீயை ஏற்றியிருப்பாய், அதனால்தான் ஓடு ஆகிவிட்டது. தின்னும்போது கத்தி வைக்காதே. ஓரத்தைச் சுற்றி முள்கரண்டியால் குத்திவிட்டுக் கையால் பிய். உள்ளே கரடுமுரடாக இருந்தால்தான் வெண்ணெய் இறங்கும். இந்த அளவுக்கு எட்டு வரும்.

எங்கள் மூத்த விளக்குக் காவலர் பெதரிக் கார்ன்வால்காரர். நான் மாவுச் சட்டியை விளக்கு அறையின் கதகதப்பில் வைப்பது அவருக்குப் பிடிக்காது. "கப்பலுக்கு வெளிச்சம் காட்டுற எடத்துல வடக்கத்தியான் மாவு புளிக்க வைக்கிறான்" என்பார். முதல் மஃபின் அவருக்குத்தான் போகும்.

நார்மனுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளிஃபர்ட்

*

ஹெப்பர்லி
12 நவம்பர் 1962

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் பல் விழுந்ததா?

வந்துவிட்டது. சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் மஃபினைப் பிய்த்தேன், உள்ளே நீ சொன்ன மாதிரியே ஓட்டை ஓட்டையாக இருந்தது. நின்றபடியே தின்றேன், கையெல்லாம் வெண்ணெய். எடித்துக்கு இரண்டு கொடுத்தேன். "இத முன்னாடியே செஞ்சிருந்தா நான் ஃபீல்டிங் கடைக்குப் போயே இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஏதோ கேட்க வந்தவள் போல நின்றாள். கேட்கவில்லை, போய்விட்டாள்.

பிசையும்போது நேரம் போவதே தெரியவில்லை. மூடி வைத்த பிறகும் அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்க்கிறேன். வீட்டில் ஏதோ ஒன்று வளர்கிறது.

ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் பாதியாகப் போட்டால் நான்கு சரியாக வருமா? ஈஸ்டும் பாதியா? நார்மன் இப்போது உடம்பு இளைக்க வேண்டும் என்கிறார், குறைத்துக்கொண்டார்.

பிரியமுடன்,
ஹில்டா

*

கல்வர் பாறை
3 டிசம்பர் 1962

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நண்டு பிடிக்கும் படகு ஒன்று பக்கத்தில் வந்திருக்கிறது. அவர்கள் கிளம்புவதற்குள் எழுதுகிறேன். பல் விழுந்தது, மஃபினில்தான். பெதரிக் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "ரவைல இவ்ளோ பெரிய கல்லா?" என்றார்.

பாதியாகப் போடலாம், எல்லாமே பாதி. ஈஸ்ட் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். அடுக்களை குளிர்ந்து கிடந்தால் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வை.

நார்மன் குறைத்துக்கொண்டாரா? ஒரே மூச்சில் நான்கு தின்று, ஐந்தாவது எங்கே என்று பார்க்கிறவர். நல்லதுதான், உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கிறிஸ்துமஸுக்கு முன்தினம் கரைக்குப் போகிறேன், கடல் விட்டால். எனக்காகக் கவலைப்படாதே. விடுதியில் வாத்து வறுப்பார்கள்.

கிளிஃபர்ட்

*

ஹெப்பர்லி
15 டிசம்பர் 1962

அன்புத் தம்பிக்கு,

சுகம். இத்துடன் இரண்டு ஜோடிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ஒரு ஜோடியின் நிறம் சரியில்லை, கம்பளி தீர்ந்துவிட்டது.

பனி பிடித்துவிட்டது. வாசல் தண்ணீர்க் குழாய் உறைந்துகிடக்கிறது. ஆலையில் எங்கள் நெசவுக் கூடத்துக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

மஃபின் இரண்டே இரண்டு செய்ய அளவு உண்டா? நான்கு செய்தால் மறுநாள் கட்டையாகிவிடுகிறது. சுட்டுத் தின்னலாம், ஆனால் மூன்று நாளாக அதையே தின்கிறேன். சின்னச் சட்டியில் அவ்வளவு கொஞ்சம் மாவு உப்புமா?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஹில்டா

*

கல்வர் பாறை
20 ஜனவரி 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இது எப்போது உன் கைக்கு வரும் என்று தெரியாது. நாங்கள் இன்னும் பாறையில்தான் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய படகு வரவில்லை, அதற்குப் பிறகும் இரண்டு முறை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை வந்து திரும்பிவிட்டது. உன் கடிதத்தையும் காலுறையையும் அந்த நண்டுக்காரர்கள்தான் பைக்குள் போட்டுக் கயிற்றில் அனுப்பினார்கள். நிறம் சரியில்லாததைத்தான் போட்டிருக்கிறேன், அது கொஞ்சம் பெரிது.

இறைச்சி தீர்ந்தது, உருளைக்கிழங்கு தீர்ந்தது. மாவும் பால்பொடியும் டப்பா ஈஸ்டும் இருக்கின்றன. பெரிய அடுப்பை மூட்டினால் கரி போதாது, அதனால் கல்லில்தான் எல்லாம். காலை மஃபின், மதியம் மஃபின், இரவு மஃபின். பெதரிக் இப்போது குறை சொல்வதில்லை. மூன்றாமவர் ரௌஸ் தன் பங்கில் பாதியை நெடுநேரம் கையில் வைத்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தின்கிறார்.

கிறிஸ்துமஸ் அன்று கரையிலிருந்து ரேடியோவில் வீட்டுச் செய்திகளைப் படித்தார்கள். பெதரிக்கின் மனைவி சொன்னது, ரௌஸின் பிள்ளைகள் சொன்னது. பிறகு அந்த ஆள், "கிளிஃபர்ட் ஹான்சன், உங்களுக்கு ஒண்ணும் வரலயே. யாரும் இல்லையா?" என்றான். பெதரிக் ஒலிவாங்கியைப் பிடுங்கி, "இங்க நாங்க இருக்கம்ல, வேற வேலயப் பாரு" என்று அணைத்துவிட்டார்.

அன்றைக்கு உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் இரண்டில் நார்மன் இருக்கிறார். மூன்றாவதில் அவர் பெயரே இல்லை. எட்டு நான்கானது, இப்போது இரண்டு கேட்கிறாய். நான்கு வருடத்துக்கு முன் அவர் என்னிடம், "இது என்ன சத்திரமா, நெனச்சப்ப வந்து தங்குற?" என்று கேட்டதிலிருந்து நான் உன் வீட்டு விஷயம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஹில்டா, நார்மன் வீட்டில் இருக்கிறாரா?

இரண்டு மஃபினுக்கு: நான்கு அவுன்ஸ் மாவு, பால் அதற்குத் தகுந்த மாதிரி, ஈஸ்ட் ஒரு சிட்டிகைக்கு மேல். உப்பும், நேரம்தான் அதிகமாகும்.

கிளிஃபர்ட்

*

ஹெப்பர்லி
20 பிப்ரவரி 1963

தம்பி,

நான் சுகம். நீ கரைக்கு வந்துவிட்டாய் என்று வானொலியில் கேட்டேன், அதனால் விடுதிக்கு எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இல்லை. ஆகஸ்டிலேயே போய்விட்டான். ஆலைச் சிற்றுண்டிச்சாலை ஐரீனோடு மோர்காம்பில் இருக்கிறான். ஊர் முழுக்கத் தெரியும். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். "எங்க?" என்றேன். "உனக்குத் தெரியும்" என்றான். எனக்குத் தெரியாது. ஆனால் தெரியும் என்பது போலத் தலையாட்டினேன், எதற்கென்று இன்றுவரை புரியவில்லை.

உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் அது நடந்துவிட்டதாக ஆகிவிடும். உன் கடிதங்களிலாவது நார்மன் வீட்டில் இருந்துகொண்டு மஃபின் தின்றுகொண்டிருக்கட்டும் என்று விட்டேன்.

மற்ற நாளெல்லாம் ஆலை இரைச்சலில் போய்விடும். சனிக்கிழமை மத்தியானம்தான் தாங்கமுடியாது. நாலு மணியாகும், கெட்டில் கொதிக்கும், யாரும் வரமாட்டார்கள். மாவைப் பிசைந்து வைத்துவிட்டால் அதை விட்டுவிட்டு எங்கும் போகமுடியாது, படுத்து அழவும் முடியாது. துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்காகத்தான் கற்றுக்கொண்டேன்.

மேல் அறை காலியாக இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு இங்கே வா. யாரும் சத்திரம் என்று சொல்லமாட்டார்கள்.

ஹில்டா

*

டிரெம்பத் விடுதி, பென்சான்ஸ்
27 பிப்ரவரி 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உடம்பு சுகம். இளைத்திருக்கிறேன், தேறிவிடும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ரயில் நிலையத்துக்கே போய்விட்டேன். யார்க்ஷயர் வரை பனியில் வண்டிகள் நின்று நின்று போகின்றன, போய்ச் சேர இரண்டு நாளாகலாம் என்றார்கள். நான் நாளை மறுநாள் பாறைக்குத் திரும்பவேண்டும். நடைமேடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மே முதல் வாரம் வருகிறேன். பதினெட்டு நாள் உன்னோடு இருக்க முடியும்.

இங்கே பேச்சுத்துணை இருக்கிறது என்று எழுதியிருந்தேன். சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு சின்ன மேசை, எல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். டிரெம்பத் அம்மாள் தட்டை வைக்கும்போது "காத்து அடிக்குது" என்பார், நான் "ஆமாங்க" என்பேன். அவ்வளவுதான். வாத்தும் வறுப்பதில்லை.

நீ தனியாக இருந்ததை என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான்.

கிளிஃபர்ட்

*

ஹெப்பர்லி
7 ஏப்ரல் 1963

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம், ஆனால் நேற்றிரவு தூக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நேற்று நார்மன் வந்தான். கல்லில் இரண்டு மஃபின் கிடந்தது, கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேலங்கி இல்லை, கையில் அதே பெட்டி. ஐரீன் வீட்டில் ஒத்துவரவில்லையாம். உட்காரச் சொல்லாமலே தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வாசம் தெரு முனை வரைக்கும் வருது. யார் சுட்டது?"

"நான்தான்."

"நீயா? இத்தன வருஷமா கடையிலதான வாங்கின."

தட்டில் வைத்துக் கொடுத்தேன். கத்தியை எடுத்து நறுக்கினான். இரண்டையும் தின்றுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் நான் காயப்போட்டிருந்த கம்பளிப் போர்வையைப் பார்த்தான்.

"அது யாருக்கு?"

"கிளிஃபர்டுக்கு. மே மாசம் வரான்."

"மே மாசத்துக்கு இப்பவே காயவைக்கிறியா?" என்று சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அவன் ரெண்டு வாரம் இருப்பான், போயிடுவான். அப்புறம் நீ தனியாத்தான உக்காந்திருப்ப ஹில்டா."

அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு நெஞ்சில் இறங்கியது.

"ஆமா, தனியாத்தான் உக்காந்திருப்பேன்" என்றேன். "நீ இருந்தப்பவும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். அப்ப ரெண்டு தட்டு கழுவணும், இப்ப ஒண்ணு."

நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தான். நான் தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டேன். பிறகு தன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். எடித் தன் வாசலில் நின்று, அவன் தெரு திரும்பும் வரை பார்த்துவிட்டு, "நல்லாச் செஞ்ச" என்றாள். நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வாசல் வரை வந்த புருஷனை அனுப்பிவிட்டேன். இரவெல்லாம் வீடு என்றைக்கும் இல்லாத அமைதியாக இருந்தது.

மே மாதம் வா.

ஹில்டா

*

ஹெப்பர்லி
26 மே 1963

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ இந்நேரம் நல்லபடியாகப் பாறைக்குத் திரும்பியிருப்பாய்.

பதினெட்டு நாள் என்றவன் எட்டாம் நாள் கிளம்பிவிட்டாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயம். எட்டு நாளும் நாம் என்ன பேசினோம்? மழை, கரி, ரயில் நேரம். சனிக்கிழமை எட்டு மஃபின் சுட்டேன், நீ "நல்லா இருக்கு" என்றாய், அவ்வளவுதான். சாயங்காலமெல்லாம் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கடிகாரச் சத்தம். நடுநடுவே ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றும். அதற்குள் வாய் காய்ந்துவிடும். நான் உனக்கு அலுத்துப்போய்விட்டேன், பாவம் பையன் எங்கே உட்கார்வது என்று தெரியாமல் தவிக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் உன் வண்டி நடைமேடையைத் தாண்டுவதற்குள் உன்னிடம் சொல்ல ஆயிரம் விஷயம் வந்துவிட்டது. மேலே உன் காலடிச் சத்தம் கேட்ட முதல் இரவு, ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக விடியும் வரை தூங்கினேன். நீ வாசல் கதவுக் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கரி அறைக்குள் போய் நின்று அழுதேன், கரி எடுக்கப் போகவில்லை. இதையெல்லாம் நேரில் சொல்லத் தெரியாமல் தபாலில் அனுப்புகிறேன்.

உனக்கு எங்களோடு, என்னோடு, இருக்கப் பிடிக்கவில்லையென்றால் வருத்தமில்லை. சொல்லிவிடு. கடிதம் மட்டும் நிறுத்தாதே.

ஹில்டா

*

கல்வர் பாறை
18 ஜூன் 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

சுகம். கடல் குளம் போலக் கிடக்கிறது. பெதரிக் தூண்டில் போட்டு ஒன்றும் பிடிக்காமல் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அலுப்பே இல்லை. பாறைக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தால் முதல் வாரம் வாய் ஓயமாட்டான். சும்மா இருந்தால் நாங்கள் தப்பாக நினைப்போமோ என்று பயந்து பேசுவான். அப்புறம் ஒரு சாயங்காலம் தின்றுவிட்டு மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அன்றைக்குத்தான் பெதரிக், "இனி இவன் நம்ம ஆளு" என்பார். உன் அடுக்களையில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. சொல்லியிருக்கவேண்டும்.

சீக்கிரம் கிளம்பியதற்குக் காரணம் வேறு. எட்டாம் நாள் காலை கண் விழித்தேன். கீழே நீ அடுப்புச் சாம்பலைத் தட்டும் சத்தம். எங்கே போகவேண்டும், என்றைக்குத் திரும்பவேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பல வருடமாக அப்படி ஒரு காலை வந்ததில்லை. இது பழகிவிட்டால் மறுபடி படகில் ஏறமாட்டேன் என்று பயம் வந்துவிட்டது. அதனால் ஓடிவிட்டேன். மீதி பத்து நாளும் அந்த விடுதிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மடையன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டில் வருகிறேன். முழு விடுமுறையும் இருப்பேன். நீ பேசவேண்டியதில்லை, பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. படகில் ஏறுமுன் கண்காணிப்பாளர் எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்பார், பாறையில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று. இத்தனை வருடமும் டிரெம்பத் அம்மாள் பெயரைத்தான் சொல்லிவந்தேன். செய்தி போனால் அந்த அம்மாள் என் அறையை வேறு ஆளுக்கு விடுவார், அதற்காகவாவது தெரியவேண்டுமே. இந்தத் தடவை உன் பெயரைச் சொன்னேன்.

"யாரு இவங்க?" என்றார்.

"எங்க அக்கா."

"விடுதிய விட்டுட்டீங்களா? வீடு எங்க இப்ப?"

ஹெப்பர்லி என்றேன். தெருவையும் கதவு எண்ணையும் சொன்னேன். உன்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

கிளிஃபர்ட்